நெஃப்ராட்டிக் நோய்க்கான மருந்துச் சோதனைகள்: எதை நம்பி முடிவெடுப்பது?

#1 பூவரசு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஏழு வயது மகளுக்கு நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம், அதாவது சிறுநீரகம் புரதத்தைச் சிறுநீரில் கசியவிட்டு உடல் வீங்கும் நோய். ஸ்டீராய்டு கொடுத்தால் புரதக்கசிவு நின்றுவிடுகிறது. மாத்திரையைக் குறைத்து நிறுத்திய பின் ஒரு சளியோ காய்ச்சலோ வந்தால் நோய் திரும்பிவிடுகிறது. காலையில் அவளுடைய முதல் சிறுநீரில் பட்டையை நனைத்து, டப்பாவின் மேலுள்ள நிறக்கட்டங்களோடு ஒட்டிப் பிடித்து, மஞ்சளாகவே இருக்கிறதா, பச்சைக்கு மாறுகிறதா என்று பார்ப்பதோடுதான் எங்கள் வீட்டில் பொழுது விடிகிறது.

முதன்முறை நோய் வந்தபோது எட்டு வாரம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தார்கள். ஆறு மாதம் கொடுத்திருந்தால் இப்படி அடிக்கடி திரும்பியிருக்காது என்று மருத்துவம் அறிந்த உறவினர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். இன்னொன்று: சளி பிடித்தவுடன் சில நாள்களுக்குச் சிறிய அளவில் தினமும் ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் திரும்புவதைத் தடுக்கலாம் என்று முன்பு பார்த்த மருத்துவர் சொன்னார், இப்போது பார்ப்பவர் அது வேண்டாம் என்கிறார். மூவருமே ஆய்வுகளைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஒரே கேள்விக்கு ஆய்வுகள் எப்படி இரண்டு விடை சொல்ல முடியும்?

#2 கார்முகில்

நான் மருத்துவன் அல்லன். மருந்துச் சோதனைகளின் புள்ளியியல் பகுதியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எட்டு வாரக் கணக்கு 1960களில் தொடங்கிய குழந்தைகள் சிறுநீரக நோய்க்கான சர்வதேச ஆய்வுக் குழுவிடமிருந்து வந்தது: உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 60 மி.கி. வீதம் நான்கு வாரம் தினமும், அடுத்த நான்கு வாரம் 40 மி.கி. வீதம் இடைவெளி விட்டும் கொடுப்பது. பின்னாளில், குறிப்பாக 1990களிலும் அதற்கு அடுத்த பத்தாண்டிலும், சிகிச்சையை மூன்று முதல் ஆறு மாதம் வரை நீட்டினால் நோய் திரும்புவது குறைகிறது என்று சில சோதனைகள் காட்டின. உங்கள் உறவினர் அந்தக் காலத்து முடிவைச் சொல்கிறார். அவர் கற்பனையாகச் சொல்லவில்லை. பல சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வுகளும் அன்று அதையே சொல்லின.

ஆனால் அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை சிறியவை. எந்தக் குழந்தை எந்தச் சிகிச்சையில் இருக்கிறது என்பது பெற்றோருக்கும் மருத்துவருக்கும் தெரிந்தே நடந்தவை. மேலும், நீண்ட காலம் கொடுத்த குழுவுக்கு மொத்த ஸ்டீராய்டு அளவும் கூடியிருந்ததால், பலன் கால நீட்சியால் வந்ததா, கூடுதல் அளவால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. 2013இல் நெதர்லாந்துக் குழுவினர் ஏறக்குறைய ஒரே மொத்த அளவை மூன்று மாதத்திலும் ஆறு மாதத்திலும் பகிர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள். நீட்டியதால் பலன் இல்லை. 2015இல் இந்தியாவிலும் ஜப்பானிலும் நடந்த சோதனைகள் வெளிவந்தன. அவற்றிலும் அதே முடிவுதான். பின்னர் பிரிட்டனில் 237 குழந்தைகளை வைத்து, பாதிப் பேருக்கு எட்டு வாரத்துக்குப் பிறகு மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்து, யாருக்கு எது என்பதை இரு தரப்புக்கும் மறைத்து நடத்திய ப்ரெட்னோஸ் சோதனை 2019இல் வெளிவந்தது. பதினாறு வாரச் சிகிச்சை, நோய் திரும்புவதை, அதாவது முதல் மறுதாக்கத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் தள்ளிப்போடவில்லை. அடிக்கடி திரும்பும் வகையாக மாறியவர்கள் ஒரு குழுவில் 53 சதவீதம், மற்றதில் 50 சதவீதம்.

ஆகவே எட்டு வாரத்தோடு நிறுத்தியதுதான் காரணம் என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

#3 ஓடக்கரை

> முதல் மறுதாக்கத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் தள்ளிப்போடவில்லை

நானும் அந்தக் கட்டுரையைப் படித்தேன். எட்டு வாரக் குழுவில் முதல் மறுதாக்கம் வருவதற்கான இடைநிலைக் காலம் 87 நாள். பதினாறு வாரக் குழுவில் 139 நாள். ஐம்பது நாளுக்கு மேல் வித்தியாசம். இதை “வித்தியாசமே இல்லை” என்று எழுதும் துணிவு புள்ளியியலாருக்கு மட்டும்தான் வரும் போலிருக்கிறது. குழந்தை வீக்கமில்லாமல் பள்ளிக்குப் போகும் ஐம்பது நாள் அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிது என்பதைப் பூவரசு சொல்லட்டும்.

#4 கார்முகில்

ஓடக்கரை, நல்ல கேள்வி. நீங்கள் காட்டும் எண்கள் சரியானவை. ஆனால் இடைநிலை என்பது பாதிக் குழந்தைகளுக்கு நோய் திரும்பிய அந்த ஒரு நாளை மட்டும் குறிப்பது. நோய் திரும்பாமல் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று நாள்வாரியாக வரைந்த இரு குழுக்களின் கோடுகளும் அந்த இடத்தில் விலகி நிற்கின்றன; அதற்குப் பிறகு நெருங்கிவிடுகின்றன. கோடு முழுவதையும் சேர்த்து ஒப்பிட்டால் மிஞ்சுகிற வித்தியாசம், இதே அளவுள்ள இரண்டு குழுக்களைக் குலுக்கல் முறையில் பிரித்தாலே தற்செயலாக வந்துவிடக்கூடிய அளவுதான்.

இன்னொன்றையும் பாருங்கள். நீட்டித்த குழுவினர் பதினாறு வாரம் வரை மருந்திலேயே இருந்தார்கள். அதாவது, 139 நாளில் 112 நாள் அவர்கள் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்த காலம். மருந்து உள்ளே இருக்கும்போது நோய் அடங்கியிருப்பதில் வியப்பில்லை. மருந்தை நிறுத்திய பிறகும் அந்தப் பலன் நிலைக்கிறதா என்பதே கேள்வி. அதற்குத்தான் அந்த 53, 50 என்ற எண்கள் விடை சொல்கின்றன. நான் ஒரு சோதனையை மதிப்பிடும்போது தலைப்பு எண்ணை விட, இரண்டு ஆண்டு கழித்து அந்தக் குழந்தைகள் எங்கே நின்றார்கள் என்பதைத்தான் முதலில் தேடுவேன்.

#5 மருதவனம்

குழந்தைகள் நல மருத்துவராகப் பணிபுரிகிறேன். பூவரசு அவர்களின் சளிக் கேள்விக்கு வருகிறேன். இணையத்தில் படித்து மருந்தை மாற்ற வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மருத்துவரோடு பேசுவதற்குப் பயன்படுமே என்றுதான் எழுதுகிறேன்.

இலங்கையில் 2008இலும் 2017இலும் வெளிவந்த இரண்டு சோதனைகளும் 2011இல் இந்தியாவில் வெளிவந்த ஒரு சோதனையும், சளி, காய்ச்சல் நாள்களில் ஒரு வாரத்துக்கு மேற்படாமல் தினமும் சிறிய அளவு பிரெட்னிசலோன் கொடுத்தால் மறுதாக்கம் குறைகிறது என்று காட்டின. எளிமையான, செலவில்லாத, ஏரணத்துக்குப் பொருந்துகிற வழி. எனவே பலரும் கைக்கொண்டார்கள். 2021இல் வெளிவந்த கெடிகோ (சிறுநீரக நோய்களுக்கான சர்வதேச அமைப்பு) வழிகாட்டியும் அதை ஏற்றது.

அதே ஆண்டின் இறுதியில் ப்ரெட்னோஸ் 2 வந்தது. பிரிட்டனில் 365 குழந்தைகள். மேல் மூச்சுப்பாதைத் தொற்று வந்தால் ஆறு நாள் ஸ்டீராய்டு அல்லது வெற்று மாத்திரை. தொற்றை ஒட்டி நோய் திரும்பியது ஸ்டீராய்டுக் குழுவில் 42.7 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 44.3 சதவீதம். இந்த எண்ணைப் பார்த்த பிறகு முந்தைய பரிந்துரையைத் தாங்கிப் பிடிப்பது கடினம். குழந்தைகளுக்கான 2025ஆம் ஆண்டு கெடிகோ வழிகாட்டி, இதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று மாறிவிட்டது.

உங்கள் இரு மருத்துவர்களும் தங்கள் காலத்துச் சான்றுக்கு உண்மையாகவே நடந்திருக்கிறார்கள். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முந்தைய சோதனைகளில் சேர்ந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். சிலவற்றில் ஏற்கெனவே ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்டீராய்டு எடுத்துவந்த குழந்தைகள். 2017 சோதனையில் ஸ்டீராய்டை நிறுத்திவிட்டவர்கள். ப்ரெட்னோஸ் 2இல் பல வகையான பின்னணி மருந்துகளில் இருந்தவர்கள் கலந்திருந்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரையில் இருக்கும் ஒரு குழந்தைக்கு, கடும் காய்ச்சலின்போது சில நாள் தினமும் கொடுக்கலாமா என்பதில் மருத்துவர் தம் மதிப்பீட்டைப் பயன்படுத்த இன்னும் இடம் உண்டு என்றே நான் நினைக்கிறேன். எல்லாருக்கும், எல்லாச் சளிக்கும் என்பது மட்டும் போய்விட்டது.

#6 நீலமலர்

பெரியவர்களுக்கும் இந்த இழையில் இடம் உண்டு என்று நம்புகிறேன். எனக்குச் சவ்வுசார் நெஃப்ரோபதி, பெரியவர்களுக்கு நெஃப்ராட்டிக் நிலையைத் தரும் ஒரு சிறுநீரக நோய். கால் வீங்கி, படுத்து எழுந்தால் முகம் உப்பி, ஒரு நாளில் பல கிராம் புரதம் போய்க்கொண்டிருந்தபோது, “ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்போம்” என்று மருத்துவர் சொன்னது எனக்கு அப்போது கொடுமையாகத் தோன்றியது. இந்த நோயில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தே இல்லாமல் தானாகத் தணிகிறது என்பதைப் பின்னர்தான் படித்தேன். அந்த மூன்றில் ஒருவருக்கும் சேர்த்து நஞ்சான மருந்தைக் கொடுத்திருந்தால், தானாக வந்த தணிவை மருந்தின் கணக்கில் எழுதியிருப்பார்கள் அல்லவா?

2009இல் இந்த நோயாளிகளில் சுமார் 70 சதவீதத்தினரிடம் பிஎல்ஏ2ஆர் என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பது கண்டறியப்பட்டது. அதற்குப் பிறகு என்னைப் போன்றவர்களுக்கு ஒரு இரத்தப் பரிசோதனையில் நோயின் போக்கைத் தொடர முடிகிறது. சிறுநீரில் புரதம் குறைவதற்குச் சில மாதங்கள் முன்பே எதிர்ப்பொருளின் அளவு இறங்கிவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் நடந்தது. இது குழந்தைகளின் நோய்க்கும் பொருந்துமா என்று மருதவனம் டாக்டர் சொல்ல வேண்டும்.

#7 கார்முகில்

நீலமலர் அம்மா குறிப்பிட்ட நோயிலிருந்தே, சோதனையை எவ்வளவு காலம் தொடர வேண்டும் என்பதற்கு நல்ல சான்று கிடைக்கிறது. 2019இல் வெளியான மென்டார் சோதனையில் 130 பேர்; ஒரு பாதிக்கு ரிட்டுக்சிமாப், மறுபாதிக்குச் சைக்ளோஸ்போரின்; இரண்டும் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள். பன்னிரண்டாம் மாதத்தில் தணிவு கண்டவர்கள் 60 சதவீதமும் 52 சதவீதமும். அங்கேயே நிறுத்தியிருந்தால், “இரண்டும் ஏறக்குறைய ஒன்றே” என்று எழுதிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இருபத்து நான்காம் மாதத்தில் 60 சதவீதமும் 20 சதவீதமும். சைக்ளோஸ்போரின் நிறுத்தப்பட்டதும் அந்தக் குழுவில் நோய் திரும்பிக்கொண்டே இருந்தது.

இந்தியாவில் நடந்து 2007இல் வெளிவந்த ஒரு சோதனை இன்னும் பொறுமையானது. சைக்ளோஃபாஸ்பமைடு என்ற இன்னொரு நோயெதிர்ப்பு அடக்கியும் ஸ்டீராய்டும் மாறி மாறிக் கொடுக்கப்பட்டவர்களையும், வீக்கத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மட்டும் மருந்து பெற்றவர்களையும் பத்தாண்டுக் கணக்கில் தொடர்ந்தார்கள். டயாலிசிஸ் இல்லாமல் இருந்தவர்கள் முதல் குழுவில் 89 சதவீதம், இரண்டாவதில் 65 சதவீதம். நூறு பேருக்கும் குறைவான சோதனைதான். ஆனால் எதை அளந்தார்கள் பாருங்கள், சிறுநீரகம் நிலைத்ததா என்பதையே அளந்தார்கள்.

#8 மருதவனம்

நீலமலர் அவர்களின் கேள்விக்கு விடை கடந்த சில ஆண்டுகளில்தான் தெளிவாகத் தொடங்கியிருக்கிறது. சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்த் திரளான வடிமுடிச்சில் போடோசைட் செல்களின் கால்கள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் இடைவெளிகளில் நெஃப்ரின் என்ற புரதம் இருக்கிறது. 1998இல், பிறவியிலேயே வரும் கடுமையான நெஃப்ராட்டிக் நோயை ஆராய்ந்தபோது இதைக் கண்டுபிடித்தார்கள். 2024இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் முனைப்பாக இருந்து, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுக்காத குழந்தைகளில் 90 சதவீதத்தினரிடம் நெஃப்ரினுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. அதே நிலையிலுள்ள, குறைமாற்ற நோய் (சாதாரண நுண்ணோக்கியில் மாற்றம் ஏதும் தெரியாத வகை) கொண்ட பெரியவர்களில் 69 சதவீதம். எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல்களை அழிக்கிற ரிட்டுக்சிமாப் இந்தக் குழந்தைகளுக்கு ஏன் வேலை செய்கிறது என்ற நீண்ட காலப் புதிருக்கு இது ஒரு பகுதி விடை. பல ஆண்டுகள் நாங்கள் நோயெதிர்ப்பின் மற்றொரு வகை வெள்ளணுவான டி செல்களையே குற்றவாளியாகக் கருதிவந்தோம்.

மருந்து முதலில் வந்துவிட்டது, காரணம் பிறகு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2014இல் ஜப்பானில் 48 பேரை வைத்து வெற்று மருந்தோடு ஒப்பிட்ட சோதனையில், மறுதாக்கமில்லாத இடைநிலைக் காலம் ரிட்டுக்சிமாபில் 267 நாள். மற்றதில் 101 நாள். 2018இல் வெளியான கொல்கத்தாச் சோதனையில், ஸ்டீராய்டை விட முடியாத 120 குழந்தைகளில், ஓராண்டு மறுதாக்கமின்றி இருந்தவர்கள் ரிட்டுக்சிமாபில் 90 சதவீதம், மற்றொரு நோயெதிர்ப்பு அடக்கியான டாக்ரோலிமஸில் 63 சதவீதம். இவர்கள் எல்லாரும் ஸ்டீராய்டுக்குப் பணிகிற நோய் உடையவர்கள். ஸ்டீராய்டுக்கே பணியாத 31 குழந்தைகளிடம் இத்தாலியில் இதே மருந்தைச் சோதித்தபோது (2012) பலன் தெரியவில்லை. அந்த வகைக் குழந்தைகளில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ஒற்றை மரபணுப் பிழையால் வந்த நோய். கட்டமைப்பிலேயே பழுது இருக்கும்போது நோயெதிர்ப்பை அடக்கிப் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. எனவே அவர்களுக்கு மரபணுப் பரிசோதனை முதலில் வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

#9 தென்றல்

என் அண்ணனுக்கு எஃப்எஸ்ஜிஎஸ், அதாவது சிறுநீரக வடிமுடிச்சுகள் சிலவற்றில் பகுதி பகுதியாகத் தழும்பேறும் நோய். ஸ்பார்சென்டான் என்ற மருந்து புரதத்தை நன்றாகக் குறைக்கிறது என்றும், ஆனால் சோதனை தோல்வி என்றும் இரண்டு விதமாகப் படித்தேன். இரண்டும் எப்படிச் சேர்ந்து உண்மையாக இருக்கும்?

#10 கார்முகில்

இரண்டும் உண்மைதான். 2023இல் வெளிவந்த டூப்ளெக்ஸ் சோதனையில் 371 பேர். முப்பத்தாறாவது வாரத்தில், புரதக்கசிவு குறித்த அளவுக்குக் கீழே இறங்கியவர்கள் ஸ்பார்சென்டானில் 42 சதவீதம். ஒப்பீட்டு மருந்தான இர்பசார்டானில் (இரத்த அழுத்தத்துக்கான பழைய மருந்து) 26 சதவீதம். ஆனால் 108 வாரம் தொடர்ந்து, சிறுநீரகத்தின் வடிதிறன் ஆண்டுக்கு எவ்வளவு சரிகிறது என்று பார்த்தபோது, இரு குழுக்களுக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. சோதனையின் முதன்மை அளவாக அவர்கள் முன்கூட்டியே எழுதிவைத்தது வடிதிறனின் சரிவை. அதனால் அது தோல்வி.

இதில் எனக்கு இரு மனம் உண்டு. வடிதிறன் ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குவது; இந்த நோயில் இரண்டு ஆண்டு என்பது அதை அளக்கக் குறுகிய காலம். பாரசோல் என்ற சர்வதேசக் கூட்டு முயற்சி பல நாட்டு நோயாளிகளின் பதிவுகளைச் சேர்த்து ஆராய்ந்து, இரண்டு ஆண்டுப் புரதக்கசிவின் போக்கு பிற்காலச் சிறுநீரகச் செயலிழப்போடு வலுவாகத் தொடர்புடையது என்று காட்டியது. தொடர்பு உண்டு என்பதை ஏற்கிறேன். ஒரு குறிப்பிட்ட மருந்தால் புரதம் குறைந்தால் அதே அளவு சிறுநீரகமும் காக்கப்படும் என்பது அதிலிருந்து தானாக வந்துவிடாது.

#11 ஓடக்கரை

அதாவது அளக்க எளிதானதை அளந்து, அதையே வெற்றி என்று அறிவிக்கும் வழி திறக்கப்படுகிறது. மருந்து நிறுவனங்களுக்கு இது வசதி. ஆண்டுதோறும் ஒரு “புரட்சி” செய்தியாகிறது. நோயாளி அதே இடத்தில் நிற்கிறார்.

#12 மருதவனம்

ஐயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2013இல் அபடாசெப்ட் என்ற மருந்து எஃப்எஸ்ஜிஎஸ் நோயாளிகள் ஐவருக்குப் பலனளித்தது என்ற கட்டுரை வந்தபோது உலகம் முழுவதும் பரபரப்பு. பிறகு பல இடங்களில் முயன்றபோது அந்தப் பலன் மீண்டும் கிடைக்கவில்லை. ஏபிஓஎல்1 என்ற மரபணுவின் சில வகைகளால் வரும் சிறுநீரக நோய்க்கான இனாக்சாப்ளின் மருந்து 2023இல் 13 பேரின் புரதக்கசிவைச் சராசரியாக 47.6 சதவீதம் குறைத்தது என்ற செய்தியையும் இந்த நினைவோடுதான் படிக்க வேண்டும். ஒப்பீட்டுக் குழுவே இல்லாத பதின்மூன்று வாரச் சோதனை அது. ஆனாலும் நோயின் வேரைக் குறிவைத்துச் செய்த மருந்து என்பதால் எனக்கு அதில் எதிர்பார்ப்பு அதிகம்.

ஓடக்கரை சொல்வதில் ஒன்றை ஏற்க மாட்டேன். டயாலிசிஸ் வரும் வரை காத்திருந்துதான் எண்ண வேண்டும் என்றால், அரிய நோய்களுக்குச் சோதனையே நடக்காது. போதுமான எண்ணிக்கை சேர்வதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, தீங்கை எவ்வளவு கவனமாக எண்ணுகிறார்கள் என்பது. ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற இன்னொரு வடிமுடிச்சு நோயில் நடந்த ‘டெஸ்டிங்’ என்ற பெயருள்ள சோதனையில் முழு அளவு ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் கடும் தொற்றுகள் கூடி, இறப்பும் நேர்ந்ததால், ஆள் சேர்ப்பதையே நிறுத்தினார்கள். பிறகு அளவைக் குறைத்து, நுரையீரல் தொற்றுக்குத் தடுப்பு மருந்தும் சேர்த்துத் தொடர்ந்தார்கள். 2022இல் வந்த முடிவில் சிறுநீரகம் காக்கப்பட்டதும் தெரிந்தது, குறைந்த அளவில் தீங்கு குறைந்ததும் தெரிந்தது. பாதி வழியில் நிறுத்தித் திருத்திக்கொண்ட அந்தச் சோதனையை, தடங்கலே இல்லாமல் முடிந்த பலவற்றைவிட நான் மதிக்கிறேன்.

#13 பூவரசு

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மகளுக்கு ரிட்டுக்சிமாபையும் வேறொரு மருந்தையும் ஒப்பிடும் சோதனை ஒன்றில் சேர விருப்பமா என்று கேட்டு ஒப்புதல் படிவம் கொடுத்திருக்கிறார்கள். படித்துப் பார்த்தேன், நீளமாக இருக்கிறது. கையெழுத்திடும் முன் எதைக் கேட்க வேண்டும்?

#14 கார்முகில்

நான் கேட்பவை இவை. ஒப்பீட்டுக் குழுவில் விழுந்தால், அவளுக்கு இப்போது கிடைப்பதைவிடக் குறைவான சிகிச்சையா கிடைக்கும்? நோய் திரும்பினால் எந்த நாளில், எந்த மருந்தால் மீட்பார்கள், அப்போது சோதனையிலிருந்து விலக்குவார்களா, தொடர்ந்து கவனிப்பார்களா? சோதனை முடிந்த பின் மருந்து தேவைப்பட்டால் யார் தருவார்கள்? எத்தனை ஆண்டு தொடர்ந்து பார்ப்பார்கள்? கடைசிக் கேள்விக்கு “ஓராண்டு” என்று விடை வந்தால், மேலே மென்டார் பற்றி எழுதியதை நினைத்துக்கொள்ளுங்கள்.

#15 மருதவனம்

அதோடு இவற்றையும் சேருங்கள். ரிட்டுக்சிமாபுக்கு முன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை செய்தாக வேண்டும். இரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் (தொற்றை எதிர்க்கும் எதிர்ப்பொருள்) அளவை முன்பும் பின்பும் பார்ப்பார்களா என்று கேளுங்கள். சிறு குழந்தைகளிடம் அது நீண்ட காலம் குறைந்தே இருந்துவிடுவது உண்டு. பி செல்கள் மீண்டுவருவதை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எண்ணுவார்கள் என்பதும் முக்கியம். அவை மீளும் காலத்தில்தான் நோயும் பெரும்பாலும் மீள்கிறது. அவளுக்குச் சின்னம்மைத் தடுப்பூசி போட்டாகிவிட்டதா?

#16 பூவரசு

இல்லை. ஸ்டீராய்டில் இருப்பதால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தோம். ரிட்டுக்சிமாப் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாமா?

#17 மருதவனம்

கூடாது. அது உயிருள்ள கிருமியைத் தணித்துச் செய்த தடுப்பூசி. பி செல்கள் இல்லாத காலத்தில் போடக் கூடாது. போடுவதாக இருந்தால் ரிட்டுக்சிமாபுக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பு, அதுவும் ஸ்டீராய்டு அளவு தாழ்ந்திருக்கும்போது போட வேண்டும். நிமோகாக்கஸ் தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இல்லை. ஆனால் அதையும் முன்னதாகவே போட்டால்தான் உடல் எதிர்ப்பாற்றலை உருவாக்கிக்கொள்ளும். இப்போது அவள் தணிவில் இருக்கிறாள் என்றால், படிவத்தில் கையெழுத்திடும் தேதியை விட இந்த ஊசிகளுக்கான தேதியை முதலில் உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பெரும்பாலான சோதனைகளில் ஆள் சேர்ப்பு பல மாதம் திறந்திருக்கும். நான்கு வாரம் தாமதித்தால் இடம் போய்விடுமா என்று ஆய்வுக் குழுவிடமே நேரடியாகக் கேட்கலாம்.